பாலர் பள்ளி பிள்ளைய ஃபோனிக்ஸ் கிளாஸ்ல சேக்கலாமா? பினாங்கு பெத்தவங்களுக்கு படிப்படியா ஒரு வழிகாட்டி

பிராய், பட்டர்வொர்த், ஜெலுத்தோங் பக்கம் தாய்மாருங்க என்கிட்ட கேக்குறது பெரும்பாலும் "எந்த ஃபோனிக்ஸ் சென்டர் நல்லாருக்கும் டீச்சர்?"னுதான். அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. ஃபோனிக்ஸ்ங்கிறது எழுத்தோட சவுண்ட ஒட்டி வார்த்த படிக்கப் பழகுறது, அதனால மொதல்ல பிள்ளையோட காது தயாரா, அதுக்கு எத்தன இங்லீஷ் வார்த்த தெரியும், தடிகாவுல (பாலர் பள்ளியில) ஏற்கனவே என்ன ஓடுதுன்னு பாக்கணும். இந்த மூணும் தெரிஞ்சா முடிவு பாதி வந்துரும், தெரியாம டெபாசிட் கட்டினவங்கதான் ஆறு மாசம் கழிச்சு "பாட்டெல்லாம் பாடுறான், ஆனா ஒரு வார்த்த படிக்க மாட்டேங்கிறான்"னு வந்து நிக்கிறாங்க.

கீழ இருக்குற வரிசைய மாத்தாதீங்க, ஒண்ணோட பதில் அடுத்ததுக்கு வேணும்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

தடிகா புத்தகங்க எல்லாம் (பயிற்சி நோட்டு உட்பட), வீட்டுல இருக்குற சின்ன சாமான் பத்து, ஒரு பேப்பர், ரெண்டு வாரம் டைம். அவ்ளோதான்.

டெஸ்ட் மாதிரி உக்கார வச்சு கேக்காதீங்க. நீங்க வேல முடிஞ்சு வந்து, பிள்ள தூங்குற நேரத்துல கேட்டா தெரிஞ்சதும் வராது. சனிக்கிழம காலைல பசியாறிட்டு விளையாட்டா அஞ்சு நிமிஷம் பாருங்க, மீதிய இன்னொரு நாள். ஒரே நாள்ல கிடைச்ச பதில வச்சு முடிவு பண்ண வேணாம்.

2. எதுக்காக சேக்குறீங்கன்னு ஒரே வரியில எழுதுங்க

எழுதியே ஆகணுமான்னு கேப்பீங்க. ஆமா. ஏன்னா நெறைய பேரோட மனசுல இருக்குற காரணம் "இங்லீஷ் சரளமா பேசணும்", ஆனா ஃபோனிக்ஸ் பேச சொல்லிக் குடுக்குற கிளாஸ் இல்ல. எழுத்துக்கு என்ன சவுண்டு, அத ஒட்டி எப்படி வார்த்தைய படிக்கிறது, வார்த்தைய உடைச்சு எப்படி எழுதுறது, அதுதான் அங்க நடக்கும். பேச்சு வேணும்னா அதுக்கு கத, பாட்டு, விளையாட்டு, இங்லீஷ்ல பேசுற ஆளுங்க வேணும், அதுக்கு ஃபோனிக்ஸ் சென்டர்ல காசு கட்டினா ஏமாற்றம்தான் மிஞ்சும்.

1986ல கஃப், டன்மர்னு ரெண்டு ஆய்வாளருங்க ஒரு கணக்கு சொன்னாங்க, படிச்சு புரிஞ்சுக்கிறதுங்கிறது எழுத்த வாசிக்கிற திறமையும் மொழி புரியிற திறமையும் பெருக்கி வர்ற விடை அப்படின்னு. கூட்டல் இல்ல, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யமா இருந்தா மொத்தமும் பூஜ்யம். ஃபோனிக்ஸ் ஒரு பக்கத்த மட்டும்தான் வளக்கும்.

ஒண்ணாம் ஆண்டுக்கு எந்தப் பள்ளின்னும் அதே பேப்பர்ல எழுதுங்க. தமிழ்ப்பள்ளி, மலாய் பள்ளி, சீனப் பள்ளி எதுக்குப் போனாலும், 2011ல கேஎஸ்எஸ்ஆர் பாடத்திட்டம் வந்ததுல இருந்து ஒண்ணாம் ஆண்டு இங்லீஷ்லயே ஃபோனிக்ஸ் உள்ள இருக்கு, அதனால "இப்ப விட்டா எப்பவுமே கிடைக்காது"ங்கிற பயம் வேணாம். ஆனா வகுப்புல பிள்ளைங்க நெறைய, டீச்சர் ஒருத்தர்தான், பாடம் ஓடிக்கிட்டே இருக்கும், கொஞ்சம் அடிப்பட போட்டுட்டு போன பிள்ளைக்கு அங்க சுலபம்ங்கிறதும் உண்ம. இண்டர்நேஷனல் ஸ்கூல்னா கத வேற, பாடம் முழுக்க இங்லீஷ்ல, அதனால வாசிப்பு சீக்கிரமே வேணும். சேக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைய என்ன செய்யச் சொல்லி பாப்பாங்கன்னு அந்த ஸ்கூல்லயே நேரா கேளுங்க.

3. தடிகாவுல என்ன நடக்குதுன்னு கேட்டு வாங்குங்க

டீச்சர்கிட்ட "ஃபோனிக்ஸ் சொல்லித் தர்றீங்களா?"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. கேக்க வேண்டிய விதம் வேற. "இப்ப எந்த எழுத்துல இருக்கீங்க, அடுத்தது எது?" ஏ, பி, சின்னு அகர வரிசையில போனா அது பெரும்பாலும் எழுத்துப் பேரு சொல்லித் தர்றது. எஸ், ஏ, டி, ஐ, பி, என் மாதிரி ஒரு கூட்டமா ஆரம்பிச்சா அது முறையான ஃபோனிக்ஸ், ஏன்னா அந்த ஆறு எழுத்த வச்சே உடனே நெறைய சின்ன வார்த்த கட்டலாம், பிள்ள படிக்கிறது எதுக்குன்னு மொத மாசமே அதுக்கு புரிஞ்சுரும்.

அடுத்த கேள்வி: "என் பிள்ள சவுண்டுகள ஒட்டி வார்த்த சொல்றாளா?" எத்தன எழுத்து தெரியும்ங்கிறத விட இந்தப் பதில்தான் முக்கியம்.

தடிகாவுல முறையா ஓடுதுன்னா இன்னொரு சென்டர்ல வேற வரிசையில ஆரம்பிக்கிறது பிள்ளைக்கு தொல்ல. இங்க ஒரு சைகை, அங்க ஒரு சைகை, இங்க ஒரு பாட்டு, அங்க ஒரு பாட்டு. அந்த மாதிரி பிள்ளைக்கு வீட்டுல பத்து நிமிஷம் கூட இருந்தாலே போதும், இந்த இடத்துலயே நிறுத்திட்டு நேரா ஒன்பதாவது படிக்கு போயிடுங்க.

4. காத சோதிங்க, எழுத்த காட்டாம

இதுதான் நெஞ்சு. நெறைய பேரு தாண்டிப் போற படியும் இதுதான். ஃபோனிக்ஸ்ங்கிறது கண்ணுல ஆரம்பிக்கிற மாதிரி தெரியும், ஆனா ஒரு வார்த்தைக்குள்ள தனித்தனி சவுண்டு இருக்குன்னு காதுல கேக்காத பிள்ளைக்கு எழுத்து வெறும் படம். அந்தப் பிள்ள கிளாஸ்ல எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணும், பண்ணி நம்மள நம்பவும் வச்சிரும்.

தமிழ்லயே ஆரம்பிங்க. வீட்டுல என்ன மொழியோ அதுலதான் பிள்ளையோட காது கூர்மை, தமிழ்ல பிரிக்க ஒட்டத் தெரிஞ்ச காது இங்லீஷ்லயும் அதச் செய்யும்.

மொதல்ல கைத்தட்டு. "அம்-மா" ரெண்டு தட்டு, "வா-ழப்-ப-ழம்" எத்தன தட்டுன்னு நீங்க தட்டிக் காட்டி, அப்புறம் பிள்ளைய தட்டச் சொல்லுங்க. எண்ணிக்க கச்சிதமா இருக்கணும்னு இல்ல, வார்த்தைய துண்டா கேக்குதான்னுதான் பாக்குறோம். நாலு வயசுல பெரும்பாலான பிள்ளைங்களுக்கு இது வரும்.

அடுத்து மொத சவுண்டு. மீன், மாடு, முட்ட, பந்து, இதுல எது மத்ததோட சேராது? "பந்து, ஏன்னா அத கடிக்க முடியாது"ன்னு பதில் வந்தா பிள்ள அர்த்தத்த கேக்குது, சவுண்ட இன்னும் கேக்கல. அது தப்பில்ல, ஆனா இன்னும் நேரம் ஆகலங்கிறதுக்கு அறிகுறி.

கடைசி, ஒட்டுறது. "நான் ஒரு சாமான் பேர மெதுவா சொல்லுவேன், நீ வேகமா சொல்லு"ன்னு சொல்லிட்டு ம்ம்ம்... ஈ... ன்ன்ன். மீன்னு வருதா பாருங்க. மீன்ல ஆரம்பிக்கிறதுக்கு காரணம் இருக்கு, ம், ன் ரெண்டையும் இழுத்து சொல்லலாம், இழுத்தா ஒட்டுறது சுலபம். அப்புறம் ப்... ஆ... ல். அதுக்கப்புறம் இங்லீஷ்ல க்... அ... ப். பத்துல ஆறு ஏழு வந்தா காது தயார்ங்கிறது என்னோட கணக்கு. ஒண்ணு ரெண்டுதான் வருதுன்னா கிளாஸ் இப்ப வேணாம், ரெண்டு மூணு மாசம் காடியில போகும்போது, குளிப்பாட்டும்போது இதே விளையாட்ட விளையாடுங்க. அஞ்சு வயசு வரைக்கும்கூட ஒட்ட வராத பிள்ளைங்க நெறைய, பயப்பட ஒண்ணுமில்ல.

நம்ம பிள்ளைங்களுக்குன்னு ஒரு தனி சோதனையும் இருக்கு. தமிழ்ல ப ஒரே எழுத்து, இங்லீஷ்ல அது பென்சிலுக்கு ஒரு எழுத்து, பஸ்ஸுக்கு இன்னொரு எழுத்து. க, ட விஷயத்துலயும் இதே கததான். காது இந்த ரெண்டையும் பிரிக்குதான்னு பாக்க மலாய்ல அழகான ஜோடி ஒண்ணு இருக்கு, காலைக்கு சொல்ற பாகி (pagi), குடுன்னு அர்த்தம் வர்ற பாகி (bagi). பேப்பர்ல ஒரு சூரியன், ஒரு நீட்டின கை வரைஞ்சு வச்சிட்டு நீங்க மாத்தி மாத்தி சொல்லுங்க, பிள்ள சரியான படத்த தொடுதான்னு பாருங்க. தொட்டா கவல இல்ல. எப்பவும் மாறிப் போகுதுன்னா சென்டர்ல அத முன்கூட்டியே சொல்லுங்க, டீச்சர் அந்த ரெண்டு எழுத்தையும் ஒரே வாரத்துல சொல்லித் தராம தள்ளி வைக்கலாம்.

எதக் கேட்டாலும் "ஹா?"ங்கிறது, டிவி சத்தத்த ஏத்தி வைக்கிறது, அடிக்கடி சளி, இதெல்லாம் சேந்து இருந்தா மொதல்ல கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) காத காட்டுங்க. இந்த வயசுல காதுக்குள்ள நீர் கோத்துக்கிறது சகஜம், அது இருக்குற வரைக்கும் எந்த கிளாசும் பாதிதான் காதுல விழும்.

5. வார்த்த எத்தன தெரியும்னு எண்ணுங்க

கப், பேக், பென், பெட், பாக்ஸ், சாக்ஸ், ஹேட், மேட், டின், கீ. பத்தையும் எடுத்து வச்சோ காட்டியோ இங்லீஷ்ல என்னன்னு கேளுங்க.

காரணம் இதுதான், பிள்ள ம்-அ-க்னு கஷ்டப்பட்டு ஒட்டி "மக்"னு சொன்னதும் அதோட மூளையில ஒரு மணி அடிக்கணும், ஓ இது நாம மைலோ குடிக்கிற மக்! அந்த மணி அடிச்சாதான் படிக்கிறதுல சந்தோஷம். வார்த்தையே தெரியாத பிள்ளைக்கு ஒட்டி முடிச்சதும் ஒண்ணும் கிடைக்காது, சரியா ஒட்டினோமான்னு அதுக்கே தெரியாது. பாதிக்கு கீழ தெரிஞ்சா மொதல்ல பேச்சு, படப் புத்தகம். அத மூணு மாசம் ஓட்டிட்டு அப்புறம் ஃபோனிக்ஸ பத்தி யோசிக்கலாம்.

இங்க தமிழ கொறைக்கிற யோசன சிலருக்கு வரும், "வீட்டுல இனிமே இங்லீஷ்தான் பேசணும்"னு. செய்யாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். உங்களுக்கு வராத மொழியில நீங்க பேசினா பிள்ளைக்கு கிடைக்கிறது "கம்", "ஈட்", "டோன்ட்", அந்த மூணு நாலு வார்த்ததான். தமிழ்ல நீங்க சொல்ற கதையில ஆயிரம் வார்த்த இருக்கு, ஏன், எப்படி, அப்புறம் என்னாச்சு எல்லாம் இருக்கு. கத புரியிற மூளை அங்கதான் வளருது, பாட்டி தாத்தாவும் அதுலதான் பேசுவாங்க.

6. மலாய் எழுத்தோட மோதுதான்னு பாருங்க

தமிழும் இங்லீஷும் குழம்பும்னு பயப்படுறாங்க. எழுத்து விஷயத்துல தமிழால பெரிய குழப்பம் வராது, உருவமே வேற. குழப்பம் வர்றது மலாய்க்கும் இங்லீஷுக்கும்தான், ஒரே சட்ட போட்ட ரெண்டு பேரு மாதிரி. மலாய் சுக்கு காத்தா (வார்த்தைய அசை அசையா பிரிச்சுப் படிக்கிறது) படிக்கிற பிள்ளைக்கு "சி" (c) எழுத்து எப்பவும் ச, சாவான்னு கோப்பைக்கு வர்ற ச. இங்லீஷ்ல பூனைக்கு வர்றப்ப அதே எழுத்து க. அதனால பூனைய "சாட்"னு படிக்கிற பிள்ள முட்டாள் இல்ல, மலாய் விதிய சரியா போட்டுருக்கு.

என்ன செய்யலாம்? சுக்கு காத்தா இப்பதான் ஆரம்பிச்சு தடுமாறுதுன்னா அது ஒரு மாதிரி உறுதியாகுற வரைக்கும் ஃபோனிக்ஸ தள்ளிப் போடுங்க, இல்ல ஃபோனிக்ஸ் நல்லா ஓடுதுன்னா சுக்கு காத்தாவ கொஞ்சம் மெதுவா விடச் சொல்லுங்க. ரெண்டையும் ஒரே மாசத்துல ஆரம்பிக்கிறதுதான் தப்பு. ரெண்டும் ஓட ஆரம்பிச்சப்புறம் மலாய் புத்தகத்துக்கு ஒரு பை, இங்லீஷ் புத்தகத்துக்கு ஒரு பைன்னு பிரிச்சு வைங்க, எடுக்கும்போதே "இது மலாய்"னு சொல்லிட்டு திறங்க. சின்ன வேல, ஆனா ரொம்ப உதவும்.

7. இப்பதான் சென்டர பாக்கப் போகணும்

ட்ரையல் கிளாச மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, அன்னிக்கு பாட்டு, ஸ்டிக்கர், பலூன் எல்லாம் இருக்கும். நடுவுல ஓடிக்கிட்டு இருக்குற ஒரு சாதாரண கிளாச பின்னாடி உக்காந்து பாக்க முடியுமான்னு கேளுங்க, முடியாதுன்னா கண்ணாடி வழியாவாவது.

அங்க மொதல்ல கேக்க வேண்டியது டீச்சரோட வாய். பென்சிலுக்கு வர்ற எழுத்த அவங்க "ப"ன்னு சொல்றாங்களா "ப்"னு சொல்றாங்களா? புள்ளி வச்ச எழுத்துதான் சரி. "ப-இ-ன"ன்னு சொல்லிக் குடுத்தா பிள்ள எப்படி பின்னுன்னு ஒட்டும்? நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு, தமிழ் வகுப்புல இக், இங், இச்னு சொல்லிப் பழகினதால இங்லீஷ் எழுத்தையும் "இப்"னு சொல்லுவோம், அதுவும் ஒட்டாது. ஸ், ம், ன், ஃப் இழுக்கலாம், ப், ட், க் மாதிரி வெடிக்கிறத சட்டுன்னு சொல்லி நிறுத்தணும். இதுல கவனமா இருக்குற டீச்சர் கிடைச்சா சென்டர் சின்னதா இருந்தாலும் பரவால்ல.

அப்புறம் கேளுங்க: எத்தனாவது வாரத்துல ஒட்ட ஆரம்பிப்பீங்க? 26 எழுத்தும் முடிச்சிட்டு அப்புறம்தான்னு சொன்னா வேணாம். நாலு, ஆறு எழுத்து வந்ததுமே ஒட்டணும். இங்லீஷ்ல எழுத்து 26, சவுண்டு ஏறக்குறைய 44, அதனால எஸ் எச், சி எச், ஏ ஐ மாதிரி ரெண்டு எழுத்து சேந்து ஒரே சவுண்டு வர்றதெல்லாம் எப்ப வரும்னும் கேளுங்க, அது திட்டத்துலயே இல்லன்னா பாதி வேலதான் நடக்குது.

வீட்டுக்கு என்ன புத்தகம் குடுப்பாங்க? பிள்ள படிச்ச சவுண்டுகள மட்டும் வச்சு எழுதின சின்னப் புத்தகம் இருக்கணும். படத்த பாத்து ஊகிச்சு சொல்ற புத்தகம் குடுத்தா பிள்ள ஊகிக்கத்தான் பழகும்.

மனப்பாடமா படிப்பான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? அர்த்தமே இல்லாத வார்த்த ஒண்ண எழுதிக் காட்டுங்க, விப், நெம் மாதிரி. சவுண்டு தெரிஞ்ச பிள்ள படிச்சிரும், மனப்பாடப் பிள்ள உங்க முகத்த பாக்கும். இங்கிலாந்துல 2012ல இருந்து ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு வைக்கிற ஃபோனிக்ஸ் சோதனையில 40 வார்த்த, அதுல 20 இப்படிப்பட்ட பொய் வார்த்த, காரணம் இதேதான். அந்த சென்டர்ல ஆறு மாசம் படிச்ச பிள்ளைங்க இத படிக்கிறாங்களான்னு டீச்சர்கிட்ட கேக்கலாம், தப்பே இல்ல.

"மூணு மாசத்துல படிக்க வைப்போம்"னு உறுதி குடுத்தா எழுந்து வந்துருங்க.

8. காசு, நேரம், பாலம்

மாசக் கட்டணத்த மட்டும் பாக்காதீங்க. ரெஜிஸ்ட்ரேஷன், டெபாசிட், புத்தகம், யூனிஃபார்ம், லீவு மாசத்துக்கும் கட்டணுமா, வராத கிளாசுக்கு மாத்து கிளாஸ் உண்டா, எல்லாத்தையும் ஒரு வருஷத்துக்கு கூட்டுங்க. உதாரணத்துக்கு மாசம் 150 வெள்ளி, வாரம் ஒரு தடவன்னா ஒரு கிளாஸ் 37 வெள்ளி 50 காசு. கூட ஆரம்பத்துல 200 வெள்ளி மத்த செலவுன்னா வருஷத்துக்கு 2,000 வெள்ளி. அந்த 2,000ல எத்தன படப் புத்தகம் வரும்னும் யோசிச்சுப் பாருங்க, சில வீட்டுக்கு அதுதான் சரியான செலவு.

நேரம் அத விட முக்கியம். வாரம் ஒரு மணி நேர கிளாஸ் தனியா ஒண்ணும் செய்யாது, தினம் பத்து நிமிஷம் வீட்டுல பாத்தாதான் ஒட்டும். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஷிஃப்ட் முடிஞ்சு, பினாங்கு பாலத்து ஜாம்ல வந்து, பிள்ளைய ஏத்திக்கிட்டு ஏழு மணி கிளாசுக்கு ஓடினா பிள்ள அங்க கொட்டாவிதான் விடும். சனிக்கிழம காலைல இடம் இல்லன்னா வெயிட்டிங் லிஸ்ட்ல பேரு போட்டுட்டு காத்திருங்க. பாலத்தோட எந்தப் பக்கம் வீடோ அந்தப் பக்கமே சென்டர் இருக்கட்டும், கொஞ்சம் பேரு கம்மியான சென்டரா இருந்தாலும் சரி.

9. முடிவு எடுங்க

காது தயார், வார்த்த பாதிக்கு மேல தெரியும், தடிகாவுல முறையா நடக்கல, வீட்டுல தினம் பத்து நிமிஷம் ஒருத்தரால முடியும்னா சேருங்க, மொதல்ல ஒரு டெர்ம் மட்டும். காசு ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டினா தள்ளுபடின்னு சொல்லுவாங்க, வேணாம். பத்து வாரம் கழிச்சு ரெண்டே விஷயம் பாருங்க: புதுசா எழுதின மூணெழுத்து வார்த்தைய ஒட்ட முயற்சி பண்ணுதா, கிளாசுக்கு போக அழாம இருக்கா. ரெண்டுமே இல்லன்னா நிறுத்துங்க. எழுத்து அழகா எழுதலன்னு மட்டும் நிறுத்தாதீங்க, விரல் பலம் வேற, வாசிப்பு வேற. நாக்க பல்லுல வச்சு சொல்ற சவுண்டும், இங்லீஷ் ரவும் ஆறு ஏழு வயசு வரைக்கும் தெளிவா வராம இருக்கலாம், அதுக்காகவும் கவலப்பட வேணாம்.

காது இன்னும் வரல, இல்ல வார்த்த கம்மின்னா காத்திருங்க. பக்கத்து வீட்டுப் பிள்ள படிக்குதேன்னு மனசு அடிச்சுக்கும், அது தெரியும். ஆனா தயாராகாத பிள்ளைய உள்ள தள்ளினா "எனக்கு இது வராது"ங்கிற எண்ணம் அஞ்சு வயசுலயே உக்காந்துரும், அத எடுக்குறது ஃபோனிக்ஸ் சொல்லித் தர்றத விட நூறு மடங்கு கஷ்டம்.

தடிகாவுல நல்லா ஓடுது, இல்ல உங்களாலயே முடியும்னா சென்டர் தேவையே இல்ல.

10. வீட்டுலயே செய்யிறவங்களுக்கு

சின்ன எழுத்துல ஆரம்பிங்க, பெரிய எழுத்து வேணாம், புத்தகத்துல நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல சின்ன எழுத்துதான். ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்த எழுத்து ஒரு செட் வாங்குங்க, எழுதத் தெரியாத பிள்ளையும் நகத்தி வார்த்த கட்டலாம். மேல சொன்ன அந்த ஆறு எழுத்து, வாரத்துக்கு ரெண்டு வீதம். நாலு எழுத்து வந்ததுமே ஒட்ட ஆரம்பிங்க, மொதல்ல சிட், மத்த ரெண்டு எழுத்தும் சேந்ததும் டேப், பின், டின், பேன், நேப்னு வரிசையா வரும்.

எழுத்துக்கு பேரு சொல்லாதீங்க, சவுண்டு மட்டும். பேரு அப்புறமா தானா வரும். பிள்ள தப்பா ஒட்டினா "தப்பு"ன்னு சொல்லாம நீங்களும் கூட சேந்து மெதுவா இழுத்து சொல்லுங்க. "த" (the), "செட்" (said), "வாஸ்" (was) மாதிரி விதிக்கு அடங்காத வார்த்தைங்கள வாரத்துக்கு ஒண்ணா பாத்துப் பழக விடுங்க, ஒட்டச் சொல்லி வதைக்காதீங்க.

பத்து நிமிஷம் முடிஞ்சதும் நிறுத்துங்க, பிள்ள இன்னும் வேணும்னு கேட்டாலும். அப்புறம் மடியில வச்சு ஒரு கத, தமிழோ இங்லீஷோ, அதுல படிக்கச் சொல்லாதீங்க, கேக்கட்டும். புத்தகத்துக்கு செபராங் ஜெயாவுல இருக்குற மாநில நூலகம் போங்க, தீவுப் பக்கம்னா கிரீன் லேன்ல இருக்குற டிஜிட்டல் நூலகம் வரைக்கும் போய் பிள்ளையோட உக்காந்து படிக்கலாம்.

மூணு மாசம் கழிச்சு நாலாவது படியில இருக்குற அந்த மீன், பால், கப் விளையாட்ட திரும்ப செஞ்சு பாருங்க, அதே பேப்பர்ல தேதியோட எழுதி வைங்க, சென்டரான்னு மறுபடி யோசிக்கிறப்ப அந்தப் பேப்பர டீச்சர்கிட்ட காட்டுங்க.